எந்த நண்டு சத்தான நண்டு?

இயற்கையில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டுத்தான் நண்டு வாங்குகிறார்கள். சத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள் வேறு.

இறாலுக்கு 1990களில் நேர்ந்தது இப்போது நண்டுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் இறால் என்றால் வலையில் வந்தது, அவ்வளவுதான். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பண்ணைகள் பெருகியதும் சந்தையில் ஒரு புதிய கேள்வி பிறந்தது: "கடல் இறாலா, பண்ணை இறாலா?" கேள்வியோடு இரண்டு விலைகளும் பிறந்தன. இன்று பெருநகரங்களின் மீன் கடைகளிலும் கடல் உணவு ஓட்டல்களிலும் நண்டைப் பற்றி அதே கேள்வி கேட்கப்படுகிறது. இயற்கையில் பிடித்த நண்டு என்றால் சத்து அதிகம், ருசி அதிகம், மருந்து கலக்காதது என்பது ஒரு கட்சி. வளர்த்த நண்டு என்றால் சுத்தமான தண்ணீர், கணக்கான தீனி, கனத்த சதை என்பது எதிர்க்கட்சி. இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கும் சேர்த்துத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார்.

முதலில், எந்த நண்டு? கடலில் வலையில் சிக்கும் நீலக்கால் நண்டு, முப்புள்ளி நண்டு போன்றவை இந்தியாவில் பெரும்பாலும் பிடிபடுபவையே. வளர்ப்பு என்று பேச்சு வரும்போது அது சேற்று நண்டைப் பற்றியது. கழிமுகங்களிலும் காயல்களிலும் அலையாத்திக் காடுகளின் வளைகளிலும் வாழும், பெரிய கொடுக்குகள் கொண்ட நண்டு. சுந்தரவனம், சிலிகா ஏரி, கிருஷ்ணா - கோதாவரி முகத்துவாரங்கள், பழவேற்காடு, கேரளத்துக் காயல்கள் எல்லாம் அதன் வீடு. உலகில் இந்த இனத்தில் நான்கு வகைகள் உண்டு என்று 1998ல் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். இந்தியச் சந்தைக்கு வருபவை முக்கியமாக இரண்டு: ஒன்று பெரிதாக வளர்வது, இன்னொன்று சற்றுச் சிறியது, செம்பழுப்புக் கொடுக்கு கொண்டது.

இந்த நண்டைப் 'பண்ணை நண்டு' என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கோழியைப் போல முட்டையிலிருந்து கறிவரை மனிதன் கையில் வளர்ந்த நண்டு இங்கே குறைவு. இந்தியாவில் வளர்ப்பு என்பது பெரும்பாலும் மூன்று விதம். இயற்கையில் பிடித்த குஞ்சுகளைக் குளத்தில் விட்டு மாதக்கணக்கில் வளர்ப்பது ஒன்று. பிடிபட்ட மெலிந்த நண்டுகளை மூன்று, நான்கு வாரம் தீனி போட்டுக் கொழுக்க வைப்பது இரண்டாவது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை வாங்கி வளர்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகைதான் முழுமையான பண்ணை நண்டு. முதல் இரண்டும் இயற்கையில் பிறந்து, கடைசிக் காலத்தில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்ட நண்டுகள். அவற்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பது விற்பவரின் வசதியைப் பொறுத்தது.

இனி சத்துக் கணக்கு. அமெரிக்க விவசாயத் துறையின் உணவு அட்டவணைப்படி நீல நண்டின் 100 கிராம் பச்சைச் சதையில் புரதம் 18 கிராம். கொழுப்பு சுமார் 1 கிராம்தான். மொத்தம் 87 கலோரி. துத்தநாகம் 3.5 மில்லிகிராம். வைட்டமின் பி12 சுமார் 9 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பி12, 2 முதல் 2.5 மைக்ரோகிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது தாராளம். செலினியமும் செம்பும் உண்டு. நண்டின் ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு; அதனால்தான் அந்த ரத்தம் நீலம். சேற்று நண்டின் சதையும் கிட்டத்தட்ட இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம், கொடுக்கிலும் காலிலும் உள்ள இந்த வெள்ளைச் சதையில் இயற்கைக்கும் வளர்ப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான். தசை என்பது நண்டு நகர்வதற்கான இயந்திரம். அதன் புரத அமைப்பைத் தீர்மானிப்பது நண்டின் பரம்பரை. தீனி அதைக் கொஞ்சம்தான் அசைக்க முடியும். புரதத்துக்காகவோ பி12க்காகவோ துத்தநாகத்துக்காகவோ நண்டு சாப்பிடுகிறவர் 'இயற்கை' என்ற சொல்லுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நண்டின் முதுகு ஓட்டைத் திறந்தால் தெரியும் மஞ்சள் குழம்பு, ஈரலும் கணையமும் சேர்ந்து செய்யும் வேலையைச் செய்யும் சுரப்பி. பெண் நண்டில் அதை ஒட்டி ஆரஞ்சு நிறச் சினை இருக்கும். நண்டு கொழுப்பைச் சேமிப்பது இந்த இரண்டு இடங்களில்தான். அந்தக் கொழுப்பு எந்த வகை என்பதைத் தீனி தீர்மானிக்கிறது. இயற்கையில் சேற்று நண்டு சிப்பி, நத்தை, சிறு நண்டு, செத்த மீன் என்று கிடைத்ததைத் தின்கிறது. கடல் பாசியில் பிறந்து, சின்ன உயிர்கள் வழியாக மேலேறும் ஒமேகா-3 கொழுப்புகள் (டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. என்று டாக்டர்கள் சொல்பவை) அதன் உடலில் சேர்கின்றன. இந்தக் கொழுப்புகளை நண்டு தானே போதுமான அளவு உற்பத்தி செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில் வந்தாக வேண்டும். சோயா எண்ணெய் போன்ற தாவர எண்ணெய் கலந்த தீனியில் வளர்ந்த நண்டின் சுரப்பியிலும் சினையிலும் ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலீயிக் அமிலம் கூடிவிடுகிறது. நண்டு எதைத் தின்றதோ அதைத்தான் நண்டைத் தின்கிறவரும் தின்கிறார்.

இதை மிக விரிவாகச் சோதித்துப் பார்த்த நாடு சீனா. அங்கே ஆற்று நண்டு என்பது ஒரு பெரிய தொழில். ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் பண்ணைகளிலிருந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் சினைக்காகவும் மஞ்சள் குழம்புக்காகவுமே அதைத் தேடி வாங்குகிறார்கள். அங்கு நடந்த ஒப்பீடுகளிலும் சதையின் புரதத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. சுரப்பியிலும் சினையிலும் உள்ள கொழுப்பின் தன்மையில்தான் தென்பட்டது. ஆனால் அதோடு இன்னொரு பாடமும் கிடைத்தது. கடல் மீன் எண்ணெய் கலந்த தீனி கொடுத்தால் பண்ணை நண்டிலும் ஒமேகா-3 ஏறுகிறது. அதாவது குளமோ ஆறோ அல்ல, தட்டில் வைத்த சாப்பாடுதான் முடிவு செய்கிறது. இந்தியாவில் நண்டைக் கொழுக்க வைப்பவர்கள் பெரும்பாலும் மலிவான மீனையே தீனியாகப் போடுவதால் இங்குள்ள 'பண்ணை' நண்டின் கொழுப்பு இயற்கை நண்டின் கொழுப்பிலிருந்து வெகுதூரம் விலகிப் போக வாய்ப்பு குறைவு.

ஒமேகா-3 என்றதும் நண்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 100 கிராம் நண்டுச் சதையில் அது சுமார் 0.3 கிராம்தான். இயற்கை நண்டானாலும் வளர்ப்பு நண்டானாலும், கொழுப்பு ஏறிய பருவத்து மத்தி மீன் இரண்டையும் பல மடங்கு மிஞ்சிவிடும். விலையிலோ மத்தி நண்டுக்குப் பக்கத்தில்கூட வராது. நிறமும் அப்படித்தான். வெந்ததும் நண்டு சிவப்பதற்குக் காரணம் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. உயிருள்ள நண்டில் அது ஒரு புரதத்தோடு கட்டுண்டு பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது. சூட்டில் கட்டு அவிழ்கிறது. இந்த நிறமியின் மூலப்பொருளும் சாப்பாட்டில்தான் வர வேண்டும். பாசியில்லாத தண்ணீரில் வெறும் குருணைத் தீனி தின்ற நண்டின் சினை வெளிறிப்போகும். தீனியில் நிறமி சேர்த்தால் சிவந்துவிடும். சிவந்த சினையைப் பார்த்து 'இது இயற்கை' என்று சத்தியம் செய்ய முடியாது.

ருசி? இதில் இயற்கைக் கட்சிக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் காரணம் அவர்கள் நினைப்பது அல்ல. உப்பு அதிகமான நீரில் வாழும் நண்டு, தன் உடலிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடாமல் தடுக்கத் தசைக்குள் கிளைசின், அலனின், புரோலின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. இவை இனிப்புச் சுவை கொண்டவை. உப்பு குறைந்த குளத்தில் வளர்ந்த நண்டுக்கு இந்தச் சேமிப்பு குறைவாகத் தேவைப்படுகிறது; சதை சற்றுச் சப்பென்று இருக்கலாம். ஆனால் அதே இனிப்புக் குறைவு, மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் புகுந்த காயலில் பிடித்த இயற்கை நண்டிலும் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசத்தைப் பற்றி இரண்டு கட்சிகளும் பேசுவதில்லை. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடலை ஊத வைத்துக்கொள்கிறது; அந்தப் பெரிய அளவுக்குப் புது ஓடு இறுகுகிறது. உள்ளே சதை நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் பிடிபடுவதைத்தான் வியாபாரிகள் தண்ணீர் நண்டு என்று ஒதுக்குகிறார்கள். பார்வைக்கு முழு நண்டு. வேகவைத்தால் ஓட்டுக்குள் கொழகொழவென்று கொஞ்சம் சதையும் நிறையத் தண்ணீரும். ஒரு கிலோ விலை கொடுத்தவருக்குக் கிடைக்கும் புரதம், நிறைந்த நண்டில் கிடைப்பதில் பாதிகூட இல்லாமல் போகலாம். நண்டைக் கொழுக்க வைக்கும் தொழிலே இந்தத் தண்ணீர் நண்டை நம்பித்தான் பிழைக்கிறது: மலிவாக வாங்கி, சில வாரம் தீனி போட்டு, சதை நிறைந்ததும் பல மடங்கு விலைக்கு விற்பது. ஆக, மெலிந்த இயற்கை நண்டைவிட நான்கு வாரம் பண்ணையில் இருந்த அதே நண்டு சத்தில் மேலானது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு தராசும் ஒரு தட்டும் போதும்.

இதில் இந்திய வாடிக்கையாளருக்கு ஒரு கசப்பும் இருக்கிறது. உயிரோடு, இரண்டு கொடுக்கும் முறியாமல், சதை நிறைந்து இருக்கும் பெரிய நண்டு கயிற்றால் கட்டப்பட்டு, கூடைகளில் அடுக்கப்பட்டு, விமானத்தில் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போகிறது. கால் ஒடிந்தது, சிறியது, தண்ணீர் நண்டு என்று கழிக்கப்பட்டவையே பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. அவையும் 'இயற்கையாகப் பிடித்தவை'தான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் விற்றுவிடலாம்.

அடுத்தது பயம். பண்ணை என்றால் மருந்து, இயற்கை என்றால் சுத்தம் என்ற கணக்கு பாதி சரி. பொரிப்பகங்களில் குஞ்சுகளைக் காப்பாற்ற ஆன்டிபயாட்டிக் போடும் பழக்கம் உலகெங்கும் பிரச்னையாக இருந்துவருகிறது. ஆனால் நண்டில் தங்கும் விஷம் மருந்தால் மட்டும் வருவதல்ல. காட்மியம் போன்ற கன உலோகங்கள் நண்டின் அதே மஞ்சள் சுரப்பியில் சேர்கின்றன. ஐரோப்பிய யூனியன் நண்டின் வெள்ளைச் சதைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதி அந்த வரம்பில் அடங்காது என்பதால் 2011ல் அதைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த எச்சரிக்கைக்குக் காரணமான நண்டு கடலில் பிடித்த நண்டுதான். மறுபுறம், 2016 நவம்பரில் ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம் சீனாவின் தாய்ஹு ஏரிப் பண்ணைகள் இரண்டிலிருந்து வந்த நண்டுகளில் டையாக்சின் வரம்பை மீறியிருப்பதைக் கண்டுபிடித்தது. அவை வளர்ப்பு நண்டுகள். தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர், வளைக்கும் குளத்துக்கும் பேதம் பார்ப்பதில்லை.

வடகிழக்கு மாநிலங்களின் கதை இன்னும் தெளிவானது. மலையோடைகளில் பிடிக்கும் நண்டைவிட 'இயற்கை'யான நண்டு இருக்க முடியாது. அதைப் பச்சையாகவோ அரைகுறையாகச் சுட்டோ தின்றவர்களுக்கு நுரையீரல் தட்டைப்புழு நோய் வருகிறது. இருமல், சளியில் ரத்தம், மெலிவு என்று அறிகுறிகள் காசநோயைப் போலவே இருக்கும். மணிப்பூரில் 1980களில் இந்த நோய் அடையாளம் காணப்பட்ட பிறகுதான், காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பலருடைய உண்மையான வியாதி புலப்பட்டது. நாகாலாந்து, அருணாச்சலப் பிரதேசத்திலும் அது உண்டு. சரியான மருந்து கொடுத்தால் சில நாளில் குணமாகிற நோய் அது. நண்டை நன்றாக வேகவைத்தால் வரவே வராது.

நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இந்தப் பாகுபாடு உதவாது. தடிப்பையும் மூச்சுத் திணறலையும் கிளப்பும் டிரோபோமயோசின் என்ற புரதம் தசையிலேயே இருக்கிறது. 'பண்ணை நண்டுதான் ஆகாது, கடல் நண்டு ஆகும்' என்று சோதித்துப் பார்ப்பது ஆபத்தில் முடியும். கொலஸ்ட்ரால் பயம் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. வெள்ளைச் சதையில் 100 கிராமுக்கு சுமார் 80 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருந்தாலும் ரத்தக் குழாயைக் கெடுக்கும் பூரிதக் கொழுப்பு மிகக் குறைவு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை அமெரிக்காவின் உணவு வழிகாட்டுதலே 2015ல் கைவிட்டுவிட்டது. மஞ்சள் குழம்புக்கும் சினைக்கும் இந்தச் சலுகையை நீட்டிக்க வேண்டாம்; இதய நோயாளிகள் அதை எப்போதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது.

சத்துக் கணக்கு இத்தோடு முடிந்துவிடுவதில்லை. நண்டின் உடலில் சேரும் சத்து எங்கிருந்தோ எடுக்கப்பட்ட சத்து. ஒரு கிலோ எடை கூட்டுவதற்கு ஒரு நண்டுக்குப் பல கிலோ மீன் போட வேண்டும். கழிவு மீன் என்று சொல்லப்படுவதில் பொடி மத்தியும் காரலும் இருக்கின்றன. கடலோரத்து ஏழையின் குழம்புச் சட்டிக்குப் போக வேண்டியவை. மலிவான மீனின் புரதத்தைக் கொண்டுபோய் ஒரு விலை உயர்ந்த ஓட்டுக்குள் அடைத்து, விமானத்தில் ஏற்றுகிறது கொழுக்க வைக்கும் தொழில். நாட்டின் தட்டில் சேரும் சத்து இதனால் கூடவில்லை, குறைகிறது.

இயற்கை நண்டின் கணக்கும் இனிப்பானதல்ல. சுந்தரவனத்தில் நண்டு பிடிக்க ஓடைகளுக்குள் போகிறவர்களைப் புலி அடிக்கிறது. 'புலி விதவைகள்' என்று தனியாக ஒரு பெயரே அங்கு உருவாகிவிட்டது. சீனாவில் கிராக்கி ஏறினால் படகுகள் இன்னும் ஆழமாகக் காட்டுக்குள் போகின்றன. 2020 தொடக்கத்தில் கொரோனா பரவி சீனச் சந்தை மூடியபோது விலை ஒரேயடியாகச் சரிந்தது. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த நண்டுக்கு ஆளில்லை. இன்னொரு பக்கம், சினை நிறைந்த பெண் நண்டுக்கே அதிக விலை. முட்டையிடக் கடலுக்குள் போகும் முன் அதைப் பிடித்துத் தின்றுவிட்டால் அடுத்த தலைமுறையில் லட்சக்கணக்கான முட்டைகள் குறைகின்றன. குளங்களுக்காகப் பிடிக்கப்படும் குஞ்சுகளும் அதே காயலிலிருந்துதான் வருகின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது பொரிப்பகம் ஒன்றுதான். கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், சீர்காழிக்கு அருகே தொடுவாயில் 2013 முதல் சேற்று நண்டுக் குஞ்சுகளைப் பெரிய அளவில் உற்பத்தி செய்து விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனமும் இதில் பாடுபட்டிருக்கிறது. வேலை கடினமானது. ஒரு தாய் நண்டு பத்து லட்சங்களில் முட்டையிட்டாலும் லார்வா ஐந்து கட்டங்களைத் தாண்டி, பிறகு இன்னொரு உருமாற்றமும் கடந்து நண்டு வடிவம் எடுப்பதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. பிழைப்பவை நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடுவது அரிது. பிழைத்தவையும் ஒன்றையொன்று தின்னும். இருந்தாலும் இந்த வழியில் பிறக்கும் நண்டு காயலிலிருந்து திருடப்பட்டதல்ல. அதற்கு மீன் குறைந்த, அதே சமயம் ஒமேகா-3 குறையாத தீனி ஒன்று மலிவாகக் கிடைத்துவிட்டால் பண்ணை நண்டு சத்திலும் நியாயத்திலும் நிமிர்ந்து நிற்கும்.

அதுவரை சந்தையில் பையோடு நிற்பவர் என்ன செய்வது? 'கடலா, பண்ணையா' என்று கேட்டால் கிடைக்கும் பதில் கடைக்காரரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. நண்டையே கேட்கலாம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். திருப்பிப் பிடித்து வயிற்றுப் பக்க ஓட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் தண்ணீர் நண்டு. பளபளவென்று புதிதாக, கீறலே இல்லாமல் இருக்கும் ஓட்டைவிட, அழுக்கும் தேய்மானமும் கண்ட ஓடு நல்லது. அது கழற்றி வெகுநாளான ஓடு. நண்டு உயிரோடு இருக்க வேண்டும். செத்த நண்டு சீக்கிரம் கெடும். வயிற்று மடலுக்கு வெளியே முட்டைக் கொத்தோடு இருப்பதை வாங்காமல் விடுவது அடுத்த வருடத்து நண்டுக்குச் செய்யும் உபகாரம். ஆலைகளும் சாக்கடையும் சேரும் முகத்துவாரத்தில் பிடித்தது என்று தெரிந்தால் மஞ்சள் குழம்பை எறிந்துவிட்டு வெள்ளைச் சதையோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்த ஊர் நண்டானாலும் அந்த விதியே பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு தட்டில் விழும் வெள்ளைச் சதையின் சத்தில் காயலுக்கும் குளத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இருக்காது. விலைச்சீட்டில் இருக்கும்.